ஒரே நெஞ்சுக்கு இரண்டு விலாசம்

அனுப்புநர்:
சத்தியபாய், க/பெ. நேசையன்,
குன்னத்துகால் ஊராட்சி,
நெய்யாற்றின்கரை வட்டம், கேரளம்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு மருத்துவமனை,
கன்னியாகுமரி மாவட்ட எல்லைப்புறம்.

பொருள்: என் கணவரின் பழைய எக்ஸ்ரே படங்களை 14-ஆம் தேதிக்கு முன் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். நான்கு வருடங்களில் ஆறு முறை நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் விழுந்தார். எல்லையில் குடியிருக்கும் எங்களுக்கு எந்தப் பஸ் முதலில் வருகிறதோ அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிதான். மூன்று முறை கேரளம், மூன்று முறை தங்கள் மருத்துவமனை. ஒவ்வொரு முறையும் குணமாக்கித்தான் அனுப்பினார்கள். ஆறு முறையும் வலது நுரையீரலின் அதே கீழ்ப்பகுதிதான் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. ஒளித்துப் பீடி குடிக்கிறார் என்று நானும் அவரை ஏசியிருக்கிறேன். பாவம், அவர் பீடியைத் தொட்டதே இல்லை.

2. சென்ற மாதம் திருவனந்தபுரத்தில் குழாய் விட்டுப் பார்த்தபோது, மூச்சுக்குழாய்க் கிளையில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்தது. புற்றுநோய் அல்ல, சாதுவான கட்டி என்கிறார்கள். ஆனால் அதுதான் வழியை அடைத்து, சளியைத் தேக்கி, காய்ச்சலைத் திரும்பத் திரும்ப வரவழைத்திருக்கிறது. 14-ஆம் தேதி அறுவை சிகிச்சை. கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா, அதன் பின்னால் கெட்டுப்போன நுரையீரலையும் வெட்ட வேண்டுமா என்று முடிவு செய்ய டாக்டர் பழைய படங்களைக் கேட்கிறார். அன்று முதல் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

3. தங்கள் பதிவு அறைக்கு மூன்று நாள் அலைந்துவிட்டோம். தவறு என்னுடையதுதான். கேரளத்து விலாசம் சொன்னால் திருப்பிவிடுவார்களோ என்று பயந்து, தங்கள் பகுதியில் வாழும் என் நாத்தனார் லேகாவின் வீட்டுப் பேரையும் விலாசத்தையும் என் கணவருடையது என்று மூன்று முறையும் எழுதிக் கொடுத்திருந்தேன். இப்போது ஆதார் அட்டையைப் பார்த்த எழுத்தர், "இது வேற ஆளாக்கும், தர முடியாது" என்கிறார். "எனக்க நெஞ்சு ஒண்ணுதானே உண்டு, சாறே" என்று என் கணவர் கெஞ்சினார். அதற்குள் இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

4. பத்து வருடம் முன்பு தென்னையிலிருந்து விழுந்ததில் அவருடைய வலது விலா எலும்பு ஒன்று முறிந்து கோணலாகக் கூடியிருக்கிறது. கேரளத்துப் படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. தங்களிடமுள்ள படத்திலும் இருக்கும். திங்கட்கிழமை காலை அந்தப் படத்தோடும் அவரோடும் வருகிறேன். இரண்டையும் தாங்களே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொய் விலாசம் கொடுத்ததற்கு என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சம்மதித்துக் கையெழுத்திடுகிறேன். படங்களை மட்டும் கொடுத்து அனுப்புங்கள், ஐயா. வெட்டி எடுத்த நுரையீரலைப் பிறகு எந்த விலாசம் சொன்னாலும் திருப்பித் தரமாட்டார்கள்.

இடம்: குன்னத்துகால்
நாள்: 08-11-2024

இப்படிக்கு,
(ஒப்பம்) சத்தியபாய்