குப்பத்து மீனுக்குத் தடை

9 ஜூலை 1973, திங்கள்

மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. ரேஷன் கடைக்காரன் நாளைக்கு வா என்கிறான். அவனுக்கு எந்த நாளும் நாளைதான்.

காலை பத்து மணிக்குக் காலரா ஊசி போட யூனியன் ஜீப் குப்பத்துக்குப் போனது. திரும்பும் வழியில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் நம் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "சனங்க ஒத்துழைக்க மாட்டேங்குதும்மா. ஒரு வூட்லயும் ஆள் இல்ல" என்றார். பத்து மணிக்கு எப்படி இருப்பார்கள்? ஆண்கள் கடலில். பெண்கள் மீன் கூடையோடு தெருத்தெருவாக. சாயங்காலம் வாருங்கள் என்றேன். ஐந்து மணிக்குள் ஜீப் ஆபீசில் நிற்க வேண்டுமாம். காலராவும் ஆபீஸ் நேரம் பார்த்துத்தான் வரும் என்று நினைப்பு போலிருக்கிறது.

11 ஜூலை, புதன்

பஞ்சாயத்துக் கூட்டம். ஒரு பெண் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், வாத்தியார் பெண்டாட்டி என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். இதுவரை நான் செய்த வேலை டீ குடித்ததும் கையெழுத்துப் போட்டதும்தான். இன்று பேசினேன்.

குப்பத்தில் வாந்திபேதியில் இரண்டு பேர் போய்விட்டார்கள். இந்தக் காலரா பல வருஷமாகத் தேசம் தேசமாகச் சுற்றி வருகிறது என்று வீட்டில் அவர் பேப்பரில் படித்துச் சொன்னார். தலைவர் ஜம்புலிங்கம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: நோய் நிற்கும்வரை குப்பத்து மீன் நம் செவ்வாய்ச் சந்தைக்குள்ளும் தெருக்களுக்குள்ளும் வரக்கூடாது. நான் முதலில் கை தூக்கினேன். "ஈ மொய்த்த மீனைத்தான் நம் குழந்தைகள் தின்கின்றன" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சொன்னதை ஒரு சபை கேட்டது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம்.

12 ஜூலை

எல்லம்மாள் கொல்லைப்புறமாக வந்தாள். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவளிடம்தான் மீன். இன்று கூடை இல்லை.

"நீதான் மொதல்ல கை தூக்கினியாமே, வாத்தியாரூட்டம்மா?"

ஊர் நன்மைக்குத்தானே என்றேன்.

"நோவு தண்ணியில கீதுன்னு உங்க இன்ஸ்பெட்ரே சொல்லிக்கினு போனாரு. தண்ணிக்கு மருந்து போட ஒரு ஆளக் காணோம். மீன மட்டும் நிறுத்திட்டீங்க. நான் இன்னாத்த விக்கறது, பூவாயிக்கு இன்னாத்த ஆக்கிப் போடறது?"

பூவாயி அவளுடைய ஒரே மகள். புருஷன் கடலோடு போனபின் இவள் கூடைதான் அந்த வீட்டுக்கு அடுப்பு. அரிசி கொடுத்தேன். வாங்கவில்லை.

17 ஜூலை, செவ்வாய்

சந்தையில் மீன் வரிசை காலி. குப்பத்தில் புதிதாக யாருக்கும் நோய் இல்லை என்று தகவல். "பாத்தீங்களா, நம்ம தடை வேலை செய்யிது" என்று தலைவர் தெருவிலேயே நிறுத்திச் சொன்னார். செய்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

19 ஜூலை

நோய் நிற்கவில்லை. வாய்தான் நின்றிருக்கிறது.

ஷஃபியுல்லா சொன்னார். கரையில் மீன் ஏலம் எடுத்துச் செங்கல்பட்டுக்குத் தன் பழைய காரிலேயே அனுப்புகிறவர். குப்பத்து விஷயம் அவருக்குத் தெரியாமல் இராது. "யக்கா, நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. அவங்க ஊர்க்கூட்டம் போட்டுட்டாங்க. எந்த வூட்ல நோவுன்னாலும் வெளிய மூச்சு வுடக்கூடாதாம். வுட்டா அந்த வூட்டுக்குக் கரையில ஏலம் கெடையாது." ஒரு நோயாளி வெளியே தெரிந்தால் தடை நீளும். அந்தப் பயம்தான்.

ஆக, நாங்கள் ஒரு கூட்டம் போட்டோம். அவர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். நடுவில் நோய் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

20 ஜூலை, வெள்ளி

கோதண்டராமனை இழுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். வீட்டுக்கு வீடு "எல்லாரும் சொகமா கீறோம்" என்றார்கள், ஒரே மாதிரி.

எல்லம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். பூவாயி எங்கே என்றேன்.

"சதுரங்கப்பட்டினத்துல அவ மாமன் வூட்டுக்குப் போயிக்கீறா."

வேலியில் ஈரப்பாய் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பார்த்தேன். கோதண்டராமன் வெயில் ஏறுகிறது என்றார். வந்துவிட்டோம்.

22 ஜூலை

பூவாயி செத்துப்போனாள். மேளம்கூட அடிக்காமல் புதைத்துவிட்டார்களாம்.

23 ஜூலை

அவள் மாமன் வீட்டுக்குப் போகவே இல்லை. அந்த வாசலுக்குப் பின்னால்தான் கிடந்திருக்கிறாள். நாலு எட்டு. செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி இருக்கு, குளுக்கோஸ் ஏத்தியிருந்தா பொழச்சிருப்பா, எத்தனை பேர் பொழச்சு வந்திருக்காங்க. அந்தப் பாயைப் பார்த்தேனே. ஈரப்பாய்னா வீட்டுல வாந்திபேதின்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் திரும்பி வந்தேன். ஏன் வந்தேன்?

அவளுடைய வீட்டுக்குள் நான் ஒருநாளும் நுழைந்ததில்லை. அவள்தான் என் கொல்லைக்கு வருவாள். அன்று வாசலில் நின்றபோதும், நுழையலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் "நீ என்ன செய்ய முடியும்" என்கிறார். சாப்பிடப் பிடிக்கவில்லை.

27 ஜூலை

தலைவரிடம் போய்த் தடையை எடுங்கள், அப்போதுதான் நோயை வெளியே சொல்வார்கள் என்றேன். "எடுத்தா நாம போட்டதே தப்புன்னு ஆயிடுமேம்மா" என்றார். டீ வரவழைத்தார். குடிக்காமல் எழுந்து வந்தேன்.

2 ஆகஸ்ட், வியாழன்

இதை இன்றே எழுதிவிடுகிறேன்.

பட்டப்பகலில், பெரிய தெரு வழியாக, எல்லம்மாள் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டு முனியம்மாவின் பையன். கண் உள்ளே போயிருந்தது. பின்னாலேயே முனியம்மா ஓடிவந்தாள். "வேணாங்க்கா, ஊர்ல எங்கள வெட்டிடுவாங்கக்கா" என்று எல்லம்மாளின் சேலையைப் பிடித்து இழுத்தாள். இவள் நிற்கவில்லை. தெருவே வாசலில் நின்று பார்த்தது.

என்னைப் பார்த்து ஒரே வார்த்தை: "வண்டி."

யூனியன் ஜீப்புக்கு டயர் இல்லையாம். ஷஃபியுல்லாவிடம் ஓடினேன். ஒன்றும் கேட்காமல் காரை எடுத்தார். எல்லம்மாள் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு பின்னால் ஏறினாள். முனியம்மா அழுதுகொண்டே முன்னால் ஏறினாள். பூவாயியைப் பற்றி எல்லம்மாள் என்னிடம் எதுவும் பேசவில்லை.

5 ஆகஸ்ட்

பிழைத்துவிட்டான்! பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்களாம். கஞ்சி கேட்கிறானாம்.

8 ஆகஸ்ட், புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து யூனியனுக்குத் தகவல் வந்து, குப்பத்தில் காலரா இன்னும் இருக்கிறது என்று ஊர்ஜிதமாகிவிட்டது. ஆகவே தடை நீடிக்கிறது. "இப்படிச் செய்தால் இனி ஒருத்தர்கூட வாய் திறக்க மாட்டார்கள்" என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் கத்தினேன். உட்காருங்கள் என்றார்கள். நான் கை தூக்கவில்லை. மற்ற எல்லாக் கைகளும் மேலே இருந்தன.

14 ஆகஸ்ட்

ஊர்க்கூட்டம் எல்லம்மாளைத் தள்ளிவைத்துவிட்டது. கரையில் அவளுக்கு ஏலம் இல்லை, யாரும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளக் கூடாது. முனியம்மாவும் பேசுவதில்லை. அவள் புருஷனும் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன், ஊரைப் பகைத்துக்கொள்ள முடியுமா? அந்தப் பையன் மட்டும் எல்லம்மாள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறான், அம்மா வந்து தூக்கிப்போகும்வரை.

குழந்தையைக் காப்பாற்றியதற்குக் கிடைத்த மரியாதை இது. இரண்டு பஞ்சாயத்தும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல.

21 ஆகஸ்ட்

எல்லம்மாள் வந்தாள். இளைத்துப்போயிருக்கிறாள்.

"கெணத்துக்கு மருந்து போட ஆள் இல்லன்னு சொல்லிக்கினு கீறாங்களே. அந்த வேலைய எனக்கு வாங்கிக் குடு."

"அந்த பிளீச்சிங் பவுடரில் கை வெந்துபோகும், எல்லம்மா. நெஞ்சை அடைக்கும்."

"வாங்கிக் குடு."

தலைவர், பொம்பளைக்கு எதற்கு என்று இழுத்தார். அந்த நாற்றத்துக்கு வேறு யாரும் வராததால் கடைசியில் சரி என்றார். அந்த வேலை ஜூலையிலிருந்தே காலி. ஜூலையில் ஒருவரைப் போட்டிருந்தால்… வேண்டாம், எழுத மாட்டேன்.

30 ஆகஸ்ட், வியாழன்

இன்று எல்லம்மாள் நம் தெருக் கிணற்றுக்கு மருந்து போட வந்தாள். பவுடரை வாளியில் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்ததைக் கிணற்றில் இறக்கினாள். கை முழங்கைவரை வெளுத்து உரிந்திருந்தது. தேங்காய் எண்ணெய் எடுத்துப்போய்க் கொடுத்தேன். கிணற்றுமேடையில் உட்கார்ந்து தடவிக்கொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

குப்பத்தில் யாராவது பேசுகிறார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். அவள் மருந்து போட்ட கிணற்றில் தண்ணீர் மட்டும் மொண்டுகொண்டு போகிறார்களாம்.

பிறகு என்னைப் பார்க்காமல், கையைப் பார்த்தபடியே கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"அன்னிக்கு வாசல அடைச்சிக்கினு நின்னனே. என்னைத் தள்ளிவுட்டுட்டு நீ உள்ள வந்திருக்கக் கூடாதா? நீ வருவேன்னு பாத்துக்கினே இருந்தேன்."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, பவுடர் தகரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த கிணற்றுக்குப் போனாள்.