பின் ஸ்பிரிங்குக்குச் சொன்ன எடை

பிப்ரவரி 5, வியாழன்

காலையில் மூடுபனி. எதிர் வீட்டு மாடியே தெரியவில்லை. பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பார்சலைப் பிரித்தேன்.

ஸ்பிரிங் வந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து தம்பி செந்தில் தன் ஆபீஸ் நண்பர் கையில் கொடுத்து அனுப்பியது. நல்ல கனம். கூடவே அவன் மனைவி வித்யா வைத்த தைல பாட்டில், சாக்லேட், அம்மாவுக்கு நைட்டி.

மலை சைக்கிளும் செந்தில் ஓட்டிவிட்டுக் கொடுத்ததுதான். பழைய பின் சஸ்பென்ஷன் காற்றில் வேலை செய்வது. ஞாயிறு பம்ப் அடித்தால் செவ்வாய்க்குள் தொப்பென்று இறங்கிவிடும். அதற்கு சீல் மாற்றத் தஞ்சாவூரில் ஆளில்லை. போனில் அவனோடு மல்லுக்கட்டி எடுத்த முடிவு: ஸ்பிரிங் வைத்ததே வாங்கலாம். கனம் கூடத்தான். ஆனால் பம்ப் வேண்டாம், மலையில் நீண்ட இறக்கத்தில் சூடாகி மக்கர் செய்யாது.

ஒரே சிக்கல். காற்று என்றால் ஆளுக்குத் தகுந்தபடி கூட்டலாம், குறைக்கலாம். ஸ்பிரிங்கை ஓட்டுகிறவர் எடை சொல்லித்தான் வாங்க வேண்டும்.

பொங்கலுக்கு முந்தைய அந்த போன். ஸ்பீக்கரில் கேட்டான். "அக்கா, உன் வெயிட் எவ்வளவு?" பின்னால் வித்யா, "அண்ணிக்கென்ன, பி.டி. டீச்சர். ஃபிட்டாதான் இருப்பாங்க." நான், "எழுபத்திரண்டு." யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. எழுபத்திரண்டு இருந்தது எந்தக் காலத்தில்?

மாலை பர்வீன் வந்தாள். அடுத்த தெருவில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறாள், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு என்னோடு சைக்கிள் மிதிக்கிற ஒரே ஜீவன். இருவருமாக மாட்டினோம். நான் ஏறி உட்கார, அவள் டேப் வைத்து அளந்தாள். சஸ்பென்ஷன் மொத்தம் அமுங்கும் தூரத்தில் முப்பது சதவீதம் இறங்கினால் சரி. இது அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"சோபாவுல உக்காந்த மாதிரி இருக்கே டீச்சர்."

"புதுசுல்ல. பழகணும்."

ஸ்பிரிங் பழகுமாம். இரும்பு. எனக்கே சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

பனி குறைவு. ஆற்றில் தண்ணீர் நிறுத்திவிட்டார்கள். கரையில் அறுவடை மிஷினும் டிராக்டரும் போட்ட தடம் காய்ந்து கல்லாகக் கிடக்கிறது. சஸ்பென்ஷன் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

முதல் பள்ளம்: டங். இரண்டாவது: டங். ஸ்பிரிங் முழுக்க அமுங்கி இரும்போடு இரும்பு முட்டுகிற சத்தம். சாலையில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "யம்மா, வண்டி உடைஞ்சிரப்போவுது" என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்து செய்தவை:
– ஸ்பிரிங்கின் தலை வளையத்தை இறுக்கினேன். ஓரிரு சுற்றுக்கு மேல் கூடாது என்று செந்தில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறான். இறுகுகிற வரை இறுக்கினேன்.
– ரீபவுண்ட் திருகைத் திறந்துவிட்டேன். அமுங்கினது சட்டென்று எழுந்துகொள்ளட்டும் என்று.
– அம்மா கேட்டதற்கு, "சர்வீஸ்."

இப்போது ஏறி உட்கார்ந்தால் சைக்கிள் நிமிர்ந்து நிற்கிறது. பார்வைக்கு எல்லாம் சரி. பள்ளத்தில் விட்டால் அதே டங். எடைக்குச் சின்ன ஸ்பிரிங் என்றால் சின்னதுதான், வளையம் என்ன செய்யும். தெரிந்தேதான் இறுக்கினேன்.

டிபன்: இட்லி இரண்டு. பிறகு இன்னும் மூன்று.

பிப்ரவரி 8, ஞாயிறு

பச்சைமலை. இருட்டோடு கிளம்பினோம். பர்வீன் தம்பியின் மினி வேனில் சைக்கிள்கள். மேலே நல்ல காற்று.

ஏற்றம் தள்ளாமல் மிதித்தேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன், இன்று உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

இறக்கத்தில் ஒற்றையடிப் பாதை. முழங்கால் உயரத்தில் ஒரு பாறைப் படி. பர்வீன் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளை வைத்துக்கொண்டு அழகாக இறங்கிவிட்டாள். நான் குதித்தேன். டங். அடுத்த நொடி பின்பக்கம் எகிறி என்னைத் தூக்கி முன்னால் வீசியது. முட்புதர். முழங்கை உரிந்து, பேன்ட் கிழிந்து. ரீபவுண்டைத் திறந்துவிட்ட மகராசி நானேதான்.

பர்வீன் ஓடிவந்து தூக்கினாள். "எலும்பு ஒண்ணும் ஆவலையே? கையை மடக்குங்க. அல்லா, என்ன ஸ்பிரிங் இது! உங்க வெயிட்டுக்குத்தானே வாங்குனீங்க?"

"கடையில மாத்திக் குடுத்துட்டாங்க போல" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது!

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கீழே டீக்கடையில் பர்வீன் என் போனையே வாங்கி செந்திலுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "தம்பி, நான் பர்வீன் பேசுறேன். அந்தக் கடைக்காரன் தப்பான ஸ்பிரிங்கைக் குடுத்து ஏமாத்திட்டான். இன்னைக்கு டீச்சர் உயிர் பொழைச்சதே பெரிசு. சும்மா விடாதீங்க." நான் பக்கத்தில் வடையைப் பிய்த்துக்கொண்டு இருந்தேன். நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயில் வடை இருந்தது என்று வைத்துக்கொள்ளலாமா? இல்லை, வடை தீர்ந்திருந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

வெயில். கை வீங்கியிருக்கிறது. ஹெச்.எம். கேட்டார். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றேன். இப்போதெல்லாம் சரளமாக வருகிறது.

மாலை செந்தில் மெசேஜ். மூச்சு வாங்கப் பேசியிருந்தான். ஆபீஸ் முடிந்து நேராகக் கடைக்குப் போயிருக்கிறான்.

"அக்கா, விடலையே. ஸ்பிரிங் எடுத்துக் குடுத்தது ஒரு தமிழ்ப் பொண்ணு. அது, நீங்க சொன்ன வெயிட்டுக்குச் சரியாத்தான் சார் குடுத்தேன், வெயிட்டை ஒரு தடவை கேட்டுப் பாருங்கன்னு சொல்லுது. எனக்கு வந்துச்சு பாரு கோவம். எங்க அக்கா பி.டி. டீச்சர், வருஷம் பூரா ஆயிரம் புள்ளைங்களுக்கு வெயிட் பாக்குறவங்க, அவங்க வெயிட் அவங்களுக்குத் தெரியாதான்னு கேட்டுட்டேன். மேனேஜர் எல்லார் முன்னாடியும் அதைத் திட்டுனாரு. அழுதுருச்சு. பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா நீ விழுந்திருக்கியே."

மூன்று தடவை கேட்டேன். அந்தப் பெண் பேர்கூடத் தெரியாது. வேலை போய்விடுமா? எந்த ஊரோ, யார் அனுப்பிவைத்த பிள்ளையோ.

பதிலுக்கு நான் அனுப்பியது: கை கூப்பின பொம்மை. அவ்வளவுதான். சீ.

பிப்ரவரி 11, புதன்

நேற்று எழுதவில்லை. எழுத முகமில்லை.

இன்று எட்டாம் வகுப்புக்கு உயரம், எடை. எப்போதும் போல மிஷின் பக்கத்தில் நான், மேஜையில் லீடர். நான் கத்துவேன், அவள் எழுதுவாள். வராண்டா முழுக்க வரிசை. முப்பத்தொன்பது. நாற்பத்திரண்டு. முப்பத்தாறு, ஏய் சாப்பிடறியா இல்லையா? வழக்கமான சிரிப்பு.

பிறகு ஒரு பிள்ளை, கொஞ்சம் பூசினாற்போல. செருப்பைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள், ரிப்பனைக்கூட அவிழ்த்துத் தோழி கையில் கொடுத்தாள். ஏறி நின்று என் பக்கம் குனிந்து, "மிஸ், மெதுவாச் சொல்லுங்க மிஸ்" என்றாள்.

எழுந்து போய் லீடர் நோட்டில் நானே எழுதினேன். மீதி அத்தனை பேருக்கும் அப்படியே. "மிஸ்ஸுக்கு இன்னைக்குத் தொண்டை கட்டிருச்சுடி" என்று பின்னால் ஒருத்தி. இத்தனை வருஷம் கத்தியிருக்கிறேனே, ஒரு நாள் தோன்றியதா? அத்தனை பேர் எடையையும் ஊருக்குச் சொல்லத் தெரிந்தது, என்னுடையது மட்டும் ராணுவ ரகசியம்.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு நான் ஏறினேன். செருப்போடுதான்.

தொண்ணூற்று நான்கு.

பிப்ரவரி 12, வியாழன்

லேசான தூறல். நெல்லை மூட ஊரே தார்ப்பாயோடு ஓடுகிறது.

மாலை செந்திலை அழைத்தேன். வித்யா பக்கத்தில் இருந்தால் நாளைக்குப் பேசலாம் என்று ஒரு பக்கம் மனசு. இருந்தாள். ஸ்பீக்கர்தான்.

"செந்தில், கடை மேல தப்பில்லடா. என் வெயிட்டைப் பொய் சொல்லிட்டேன். எழுபத்திரண்டு இல்ல. தொண்ணூத்தி நாலு."

"அக்கா," என்றான் மெல்ல, "நான் கடையில எழுபத்திரண்டுன்னு சொல்லவே இல்லையே. எண்பத்திரண்டுன்னுதான் சொன்னேன்."

"ஏன்டா?"

"வித்யாதான் பத்து கூட்டிச் சொல்லச் சொன்னா."

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி," வித்யா. "நானும் குறைச்சுதான் சொல்லுவேன். அதான்."

யாருக்காகப் பொய் சொன்னேனோ, அவள் அன்றே கண்டுபிடித்து, அதற்கும் ஒரு இடம் விட்டு வைத்திருக்கிறாள். அந்தப் பெருந்தன்மைக்கும் அடங்காத ஆள் நான். கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"பத்து கூட்டியும் எப்படிப் பத்தாமப் போகும்னுதான்க்கா அந்தப் பொண்ணை அந்தக் கத்து கத்தினேன்" என்றான். "இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?"

"நீ போன் போட்டுக் குடு. அதுகிட்டயும் மேனேஜர்கிட்டயும் நான் பேசுறேன். என் மூஞ்சி போனாப் போவுது."

"நாளைக்குக் காலையில கடை திறந்ததும் போறேன்." பிறகு, "அக்கா, வேற ஸ்பிரிங் கேக்கணும்ல. இதுலயும் ஏதாவது கூட்டணுமா?"

"கூட்டணும்" என்றேன். "ஹெல்மெட், முழங்கால் பேடு, முதுகுல தண்ணிப் பை. தொண்ணூத்தியெட்டுன்னு சொல்லு."