நாலாம் நம்பர் பேல்

ஜூலை 5, திங்கள்

காலையிலிருந்து சாரல். என் மகன் சலீமுக்கு மெட்ராஸிலிருந்து கடிதம் வந்துவிட்டது. சாம்பியா நாட்டில் ஒரு பள்ளிக்கூடம். கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், இரண்டு வருடம். ஆகஸ்டில் புறப்பாடு. சம்பளம் கிடையாது; சோறும் தங்க இடமும் மட்டும். வருகிற வெள்ளிக்கிழமை அசல் சர்டிபிகேட்களோடு மெட்ராஸில் நிற்காவிட்டால் இடம் அடுத்தவனுக்கு.

எம்.எஸ்.ஸி. படிக்க வைத்தது இதற்கா?

பேண்டேஜ் சுருட்டிக்கொண்டே, என்னிடம் வேலை பார்க்கும் பேச்சியம்மா கேட்டாள்: "தம்பி துபாய்க்கா போகுது?"

"ஆப்பிரிக்கா."

"அங்க சம்பளம் எம்புட்டு?"

"கிடையாது."

"பொறவு என்னத்துக்குக்கா? கோட்டிக்காரத்தனமால்ல இருக்கு."

எனக்கும் அதே கேள்விதான். "ஒன் ரோலைப் பாருட்டி, ஓரம் பிசிறுது" என்று வாயை அடைத்தேன்.

அவன் கொண்டுபோக: கொசுவலை. காய்ச்சல் மாத்திரை. லுங்கி நாலு. மிளகாய்ப்பொடி. ஸ்வெட்டர் (அங்கே குளிருமாம்!). நம் பேண்டேஜ் ஒரு டஜன்.

முழங்கால் வலி. துணியை அழுத்திப் பேல், அதாவது பெரிய மூட்டை, கட்டும் பிரஸ்ஸின் சக்கரத்தை லீவுக்கு வரும்போதெல்லாம் அவன்தான் திருப்புவான். இனி?

ஜூலை 6, செவ்வாய்

சாரல் விடவில்லை. சர்டிபிகேட் எல்லாம் ஈரக் காற்றில் சுருண்டு, பொரித்த அப்பளம் மாதிரி. இஸ்திரி போடவா என்றான். மை போய்விடும் என்று திட்டினேன். சர்டிபிகேட் கவரை மேசையில் போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனான். நான் எடுத்து, பிரஸ்ஸில் இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே வைத்தேன். வரி ரசீதெல்லாம் அப்படித்தான் நிமிர்த்துவது.

நூல்காரன் வந்தான். மதியம் முழுக்க அவனோடு வாய்ச்சண்டை. சேலத்துக்கு நாலு பேல் கட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் லாரி ஆபீசுக்கு அனுப்பியாயிற்று. தலைவலி. எட்டு மணிக்கே படுக்கை.

ஜூலை 7, புதன்

நேற்று எழுதியதைப் படித்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

காலை ஆறு மணிக்கே கவரைத் தேட ஆரம்பித்துவிட்டான். நானும் கூடத் தேடினேன், நிஜமாகவே. பதினொன்றரைக்குத்தான் பிரஸ்ஸில் வைத்தது ஞாபகம் வந்தது. பேச்சியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"பிரஸ்ல கெடந்த துணிக்கு மேலயே அடுக்கித் தச்சோம்க்கா. நாலாம் நம்பரு."

"நடுவுல கவர் ஏதும் பாத்தியா?"

"நா என்னத்தக் கண்டேன்."

சேலம் லாரி இன்று மாலை ஆறு மணிக்கு.

அவனிடம் சொல்லவில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றேதான். ஆறு மணி தாண்டினால் பேல் போய்விடும், வெள்ளிக்கிழமையும் போய்விடும். டூப்ளிகேட் வாங்க மூன்று மாதம் ஆகும் என்று அவனே சொன்னான். அதற்குள் தொழில் அவனைப் பிடித்துக்கொள்ளும். அவன் அத்தா மவுத்தாகி, நான் தனியாளாகிப் பதினோரு வருடம். துணி மூட்டையைத் தலையில் வைத்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியவள் நான். யாருக்காக? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு சோறும் தின்றேன். இறங்கத்தான் செய்தது.

இரண்டு மணிக்குத் தலையணை உறையை உருவிக்கொண்டிருந்தான். பேச்சியம்மா என்னைப் பார்த்துக்கொண்டே, "அம்மாட்ட நல்லாக் கேளு தம்பி" என்றாள்.

"அம்மா வச்சா வச்ச எடம் மாறாதுக்கா. நாந்தான் எங்கயோ தொலச்சிட்டேன்."

கோணி ஊசி, சணல், கத்தி மூன்றையும் பையில் போட்டேன். "செத்த நேரத்துல வாரேன்." பஸ்ஸில் உட்கார இடமில்லை. முழங்கால்.

லாரி ஆபீஸ் கிளார்க் நெளிந்தான். "பில் போட்டாச்சுக்கா. பிரிக்கக் கூடாது."

"என் சரக்கு, என் தையல். நானே தச்சுத் தாரேன்."

"சொந்தச் சரக்கையே கிழிக்கிற யாவாரிய இன்னைக்குத்தான் பாக்கேன். உள்ள தங்கமா?"

"கணக்கு வாத்தியார்."

லோடுமேன்கள் இரண்டு பேர் பேலைப் புரட்டிக் கொடுத்தார்கள். அடியிலிருந்து ஏழெட்டு மடிப்பு. கவர். திறந்து பார்த்தேன், ஒரு சுருக்கம் இல்லை.

தைக்க முக்கால் மணி நேரம். லாரி என் கண்முன்னே கிளம்பியது.

வீட்டில் கவரை அவன் மடியில் போட்டேன். படுத்துவிட்டேன்.

ஜூலை 8, வியாழன்

வெயில், மூன்று நாளைக்குப் பிறகு. அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டரை மணி நேரத்தையும் சேர்த்து.

தோசைத் தட்டிலிருந்து நிமிர்ந்தான். "இத ஏம்மா சொல்லுத? கவர்தான் கெடச்சிருச்சுல்ல?"

"பொறவு பேச்சி சொல்லிருவா."

"அந்தப் பயந்தானா?"

"அது பாதி."

மறு பாதியைக் கேட்கவில்லை. தோசையைப் பிட்டுக்கொண்டே, "சரி, ஒங் கண்டிசனச் சொல்லு" என்றான். என் பிள்ளைதான்.

காலையிலிருந்து பேரம். நூல்காரன் தேவலை. சாயங்காலம் அவனுடைய மெட்ராஸ் பஸ் கிளம்பும் முன் முடிந்தது:

மாதம் இரண்டு கடிதம். காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்றே எழுத வேண்டும். திரும்பி வரும்வரை கல்யாணப் பேச்சை நான் எடுக்கக் கூடாது. பிரஸ் திருப்ப நான் ஆள் போட வேண்டும், ஆகஸ்டில் அவன் கிளம்பும் முன்பே. திரும்பி வந்தால் தொழிலில் உட்கார வேண்டும் என்றேன், ஒப்பவில்லை, விட்டுக்கொடுத்தேன். இரண்டு வருடம் முடிந்து மூன்றாம் வருடமும் இருக்கட்டுமா என்று கேட்டால் ஆறு மாதம் தருவேன். அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது.