கச்சான் ஓய்ந்ததும் எனக்கு வருவது

என் கயிறு பிடித்த மச்சான் சூசைக்கு,

கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது. கோடை முழுக்கக் கண்ணிலும் சோற்றிலும் மண்ணை வாரிப்போட்ட காற்று, போன மாதம் ஒரு மத்தியானத்தில் நின்றது. ஊரே அப்பாடா என்றது. எனக்கு மட்டும் பயம் பிடித்துக்கொண்டது. வருஷா வருஷம் இந்த நேரத்தில் என் மனசு இறங்கிப்போகும் என்பது உனக்குத் தெரியும். காரணம் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. சோறு இறங்காது. பிள்ளை சிரித்தால்கூட எங்கேயோ தூரத்தில் கேட்கும்.

நீ வைகாசியில் பேதி கண்டு போனாய். உலகச் சண்டை முடிந்தும் ரேஷன் முடியவில்லை. உன் தங்கை ரோசாலி புழுத்த அரிசியைப் புடைத்துக்கொண்டே உனக்காக அழுகிறாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கடல் தெளிந்ததும், அடியில் முங்கிச் சங்கு எடுக்கும் சங்கு குளி தொடங்கிவிட்டது. குளிக்கிறவன் இடுப்பில் கட்டும் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தான்தான் பிடிக்கவேண்டும் என்பது நம் வழக்கம். தன் தங்கை தாலியறுப்பதை எவன் பொறுப்பான்? நீ இல்லாததால் உன் சித்தப்பா மகன் இஞ்ஞாசியைத் தருவைகுளத்திலிருந்து வரவழைத்தோம். நல்லவன், ஒழுங்குக்காரன். வினையே அதுதான்.

"நீங்க அசைக்காம நான் கயித்தத் தூக்கமாட்டேன் அத்தான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டான். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அடியில் இருப்பவன் கயிற்றை அசைத்தால்தான் மேலே இருப்பவன் தூக்குவான்.

ஒரு வருஷம் இதே பருவத்தில் நான் அடியில் சும்மா இருந்துவிட்டது ஞாபகம் இருக்கிறதா? சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. மேலே வரவேண்டும் என்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான். நீயாகவே தூக்கி வள்ளத்தில் போட்டு, "ஏலே, கீழ என்ன பண்ணுத? வீடு கட்டுதியா?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கச்சான் ஓய்ந்தால் போதும், நான் அசைக்கும் முன்பே தூக்கிவிடுவாய். பை பாதிதான் நிறைந்திருக்கும். கேட்டவர்களிடம், "எனக்குப் பொறுமை கிடையாது வே" என்று பழியை உன் தலையில் போட்டுக்கொள்வாய். நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஏன் பேசவில்லை மச்சான்?

இந்த வருஷம் முதல் நாள் இறங்கினேன். கை கயிற்றில்தான் இருந்தது, அசைக்கத்தான் மனசில்லை. நெஞ்சு வெடிக்கப் போகையில் உடம்பு தானாகத் துடித்ததில் கயிறு அசைந்திருக்கவேண்டும். மேலே வந்தபோது மூக்கில் ரத்தம். இஞ்ஞாசிக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க அத்தான் மூச்சைப் பாத்தியளா?" என்று பக்கத்து வள்ளத்துக்காரர்களிடம் கேட்டான். "சூசைதான் இவனைக் கெடுத்து வச்சிருந்தான்" என்றார் நம் வள்ளத்தின் சொந்தக்காரர் சம்மாட்டி. மறுநாளும் அப்படியே. என் மூச்சைப் பற்றிய புகழ் கூடிக்கொண்டே போனது.

துண்டில் இருந்த ரத்தத்தை ரோசாலி பார்த்துவிட்டாள். "எங்கண்ணன் பிடிச்சப்ப இப்படி வந்ததில்லையே" என்றாள். அன்று சாயங்காலம் முழுக்க அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் கரையில் வைத்து இஞ்ஞாசியிடம் சொன்னேன். "ஏலே, நான் அசைக்காட்டியும் தூக்கிரு."

"எதுக்கு அத்தான்?"

"அசைக்க மனசு வரமாட்டேங்கு."

அவன் கயிற்றைச் சுருட்டி மணலில் போட்டான். "அக்காட்ட சொல்லிட்டு வாங்க. சொல்லாம நான் பிடிக்கமாட்டேன். நாளைக்கு அவ முகத்துல முழிக்கவேண்டியவன் நான்."

வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். திட்டுவாள், இல்லாவிட்டால் கோயிலுக்கு இழுத்துப் போவாள் என்று நினைத்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். "எங்கண்ணனுக்கே இன்னும் அழுது முடியல. உங்களுக்கும் அழ எனக்குத் திராணி இல்ல" என்றாள். பிறகு மறுபடி அரிசி புடைக்க உட்கார்ந்தாள்.

இப்போது இஞ்ஞாசி தானாகவே தூக்குகிறான். உன் கை மாதிரி வராது. முரட்டு இழுப்பு, இடுப்பில் தோல் உரிந்துவிட்டது. சம்மாட்டி முணுமுணுக்கிறார். என் மனசும் ஒன்றும் மாறிவிடவில்லை, எழுந்து பாயைச் சுருட்டுவதே பெரும்பாடாக இருக்கிறது. விடிந்ததும் ரோசாலி, "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கிறாள். மோசம் என்று சொன்னால் அன்று நான் கடலுக்குப் போவதில்லை. கரையில் சங்கு கழுவிக்கொண்டிருக்கிறேன். வருமானம் குறைவுதான், அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு உன் குழிமேட்டில் மெழுகுதிரி ஏற்ற எல்லோரும் வருவோம். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? இதுவரை அங்கே வந்தபோதெல்லாம் உன் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மச்சான். மனசு வராத நாளில் இறங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுவேன், வெட்கப்படமாட்டேன். உன் பக்கத்தில் கிடக்கும் அந்தக் காலி இடத்துக்கு வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்.

உன் தங்கை புருஷன்,
சவேரி