தூக்கித் தள்ளும் கேட்

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், ஒரே வீட்டில் இருக்கிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதம் எடுத்தார் என்று நினைப்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ “சரிப்பா, சரிப்பா” என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறாய், அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கிறது. காகிதத்துக்குச் சரிப்பா போட முடியாது. உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டு விஷயம்தான். விற்பது என்று நீங்களெல்லாம் கூடிப் பேசி முடித்துவிட்டீர்கள், என்னிடம் வந்தது கடைசியில், அதுவும் பாதி வீடு என் பெயரில் இருக்கிற ஒரே காரணத்தால். மறு பாதியை உன் அம்மா பெயரில் எழுதி வைத்தவனும் நான்தான், அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன். உன் பெரியம்மா இருக்கும் அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியாகிறதாம், படி ஏற வேண்டாமாம், வாசலில் காவலாளி இருக்கிறானாம். எனக்கு எதற்குக் காவலாளி? முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் கேட்டும் கிரில்லும் செய்து கொடுத்தவன் வீட்டுக்கு இன்னொருவன் காவலா? இந்த வீட்டின் ஒவ்வொரு ஜன்னல் கம்பியும் என் பட்டறையில் நான் வளைத்தது. வெல்டிங் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கண் எரிந்து தண்ணீர் கொட்டக் கொட்ட நானாகக் கற்றது. இப்படிக் கட்டின வீட்டை விற்க எனக்கு மனமில்லை என்று அன்றைக்கே சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன், கையெழுத்து வேறு, மனம் வேறு.

நீ அங்கிருந்தே போன் போட்டு ஏற்பாடு செய்த முதல் ஏஜெண்ட் வந்தான். சென்ட் வாசனை முதலில் வந்தது, பின்னால் அவன் வந்தான். கேட்டைத் திறக்கத் தெரியாமல் வெளியே நின்று “அங்கிள், அங்கிள்” என்று கூப்பிட்டான். நான் போய்த் தூக்கித் தள்ளித் திறந்தேன். நம் வீட்டு கேட் சங்கதி உனக்குத் தெரியாததல்ல, அடியில் ஒரு இரும்பு நாக்கு, தரையில் அதற்கு ஒரு குழி, கேட்டைக் கொஞ்சம் தூக்கினால்தான் நாக்கு குழியை விட்டு வெளியே வரும், பிறகு உள்ளேயோ வெளியேயோ தள்ள வேண்டும். பூட்டே தேவையில்லை, தெரிந்தவன் திறப்பான், தெரியாதவன் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போவான். நீ பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இடுப்பால் நெம்பித் தள்ளித் திறப்பாய். அந்த ஆள் உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. படங்களையெல்லாம் கழற்றிவிட வேண்டுமாம், உன் கல்யாணப் படம், என் அப்பா படம், எல்லாம். வாங்க வருகிறவர்கள் தங்கள் குடும்பம் இங்கே வாழ்வதாகக் கற்பனை செய்ய வேண்டுமாம், நம் முகம் குறுக்கே வரக் கூடாதாம். பச்சைச் சுவரெல்லாம் வெள்ளையடிக்க வேண்டுமாம். அலமாரியில் பாதியைக் காலி செய்ய வேண்டுமாம், நிறைந்த அலமாரி வீட்டைச் சின்னதாகக் காட்டுமாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். கடைசியில் சொன்னான் பார், “வீடு பாக்க ஆளுங்க வர்ற நேரத்துல நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது வெளிய போயிடுங்க அங்கிள், ஓனர் இருந்தா பார்ட்டிக்கு ஃப்ரீயா இருக்காது” என்று. என் வீட்டில் நான் இருந்தால் வருகிறவனுக்கு மூச்சு முட்டுமா? நான் அவனிடம், தம்பி, முதலில் நீ வெளியே போ, பார்ட்டியை அப்புறம் பார்க்கலாம் என்றேன். போகும்போதும் கேட்டைத் திறக்கத் தெரியாமல் நின்றான். கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டேன். உன் அம்மாதான் சமையலறை ஜன்னல் வழியாக, “ஏங்க, அந்தப் பிள்ளைய விட்டுத் தொலைங்க” என்று கத்தினாள். அவளே வந்து திறந்திருக்கலாமே என்று அப்போது தோன்றியது. தோன்றியதை அதோடு விட்டேன்.

நீ அனுப்பியவனை விரட்டினேன் என்று நீ மூன்று வாரம் பேசாமல் இருந்தாய். அதனால் நானே ஒருவரைக் கூட்டி வந்தேன். நம் தெருவில் மழையோ வெயிலோ குடை இல்லாமல் நடக்காத தரகர், குடைக்காரர் என்றால் உனக்கே தெரியும். அவர் சுவரைக் குறை சொல்லவில்லை, படத்தைக் கழற்றச் சொல்லவில்லை, மாடிக் கைப்பிடியைத் தட்டிப் பார்த்து “இது வீடு இல்லண்ணே, கோட்டை” என்றார். எனக்கும் மனம் குளிர்ந்துபோனது, ஒளிப்பானேன். அடுத்த வாரம் ஒரு கணவன் மனைவியைக் கூட்டி வந்தார். நான் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது, அதோடு பேச்சும் கேட்டது. “பெருசு ரெண்டும் தனியாக் கெடக்குதுங்க, பொண்ணு வெளியூரு, வித்தே ஆகணும். நீங்க பாதி வெலையிலருந்து ஆரம்பிங்க, பெருசு குதிக்கும், குதிக்கட்டும், முட்டி வலிச்சா தானா உக்காரும்.” அந்த அம்மாள் சிரித்தாள். நான் கேட்டைத் திறக்கவே இல்லை. உள்ளே நின்றபடியே, அண்ணே, கோட்டைக்குள்ள வர்ற யோக்கியதை உங்களுக்கு இல்ல, குடையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நடங்க என்றேன். கேட் மட்டும் லேசாகத் திறக்கிற கேட்டாக இருந்திருந்தால் அந்த ஆள் உள்ளே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து மறுபடியும் கோட்டை என்றிருப்பார், நானும் நம்பியிருப்பேன். இதை உன் அம்மாவிடம் சொன்னேன், பார்த்தாயா என் கேட் ஆளைத் தரம் பிரித்துவிட்டது என்று. அவள் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவதாக வந்தது ஒரு பெண், உன்னைவிடச் சற்று மூத்தவளாக இருப்பாள். மறுபடியும் நீதான் அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு போய்த் திறந்தேன். அவள் வாசலிலேயே நின்று கேட்டைத் தானும் ஒருமுறை தூக்கித் தள்ளிப் பார்த்தாள், “ரொம்ப கனங்கய்யா” என்றாள். ஆமாம், கனத்துக்குத்தான் செய்தது என்றேன். உள்ளே வந்து அலமாரி, சுவர் எதையும் பேசவில்லை. எங்கே ஒழுகும், எந்தக் குழாய் அடைக்கும், எந்தச் சுவரில் ஈரம் ஏறும், மறைக்காமல் சொல்லுங்கள், வாங்குகிறவர் பிறகு கண்டுபிடித்தால் என் பெயர் கெடும் என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மாடி அறையின் வடக்கு மூலை உட்பட. எழுதிக்கொண்டாள். ஆள் பரவாயில்லை என்று நினைத்தேன். பிறகு, என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது ஏன் விற்கிறார்கள் என்றுதான், நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டாள். மகள் தொந்தரவு என்று சொல்லுங்கள் என்றேன். அதற்கு அவள் என்னைப் பார்க்காமல் உன் அம்மாவைப் பார்த்து, “போன்ல நீங்க சொன்னதையே சொல்லலாமாம்மா?” என்றாள்.

அவளைக் கூப்பிட்டது நீ இல்லை. உன் அம்மா. பெரியம்மாவிடம் நம்பர் வாங்கி, நான் மாத்திரை வாங்கப் போன நேரத்தில் பேசியிருக்கிறாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள், “நானா தொறக்கிற மாதிரி ஒரு வாசல் வேணும்னு சொன்னேன்.” தோள் வலித்துக் கை தூக்க முடியாமல் போனதிலிருந்து அவளால் அந்தக் கேட்டைத் தூக்க முடியவில்லையாம். போன மழைக்காலத்துக்கும் முந்தின மழைக்காலத்திலிருந்து. நான் இல்லாமல் அவள் தெருவில் கால் வைத்ததில்லையாம். கோடி வீட்டுத் தையல்காரி செத்துப்போன அன்றைக்கு நான் பட்டறைச் சாமான் விற்கப் போயிருந்தேன், உன் அம்மா கேட்டுக்கு உள்ளேயே நின்று பாடையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறாள். இருபது வருஷத் தோழி. அவள் வெளியே போகாதது அவள் சுபாவம், வயசானால் பெண்களுக்கு வீடே போதும் என்று நான் நினைத்திருந்தேன்.

இதை ஒரு மூன்றாம் மனுஷியின் முன்னால் வைத்து நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? வாய் இருக்கிறது, வீட்டிலேயே வெல்டிங் தெரிந்தவன் இருக்கிறான், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு பொழுது வேலை. கேட்டேன் என்கிறாள். நான் அது கேட் இல்லை, பூட்டு என்று சொல்லிவிட்டேனாம். எனக்கு ஞாபகமில்லை, ஞாபகமில்லாததை ஒப்புக்கொள்கிற பழக்கமும் எனக்கில்லை. கேட் தப்பில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன், குடைக்காரரை நிறுத்தியது அதுதான். ஆனால் ஊருக்குத் தெரிந்தது கட்டினவனுக்குத் தெரியவில்லை என்று ஆக்கிவிட்டார்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உன்னையும் கேட்கிறேன். உனக்கு இது தெரியுமா? தெரிந்து மறைத்தாய் என்றால் அது தப்பு. தெரியாது என்றால் வாராவாரம் அம்மாவோடு மணிக்கணக்கில் என்னதான் பேசுகிறாய்? இரண்டில் எது என்று எழுது. போனில் சொல்லாதே, போனில் அவள் பக்கத்தில் நிற்பாள்.

மறுநாள் காலையில் பட்டறைச் சாமானில் விற்காமல் வைத்திருந்த வெல்டிங் மிஷினை எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டின் நாக்கை அறுத்தேன், கீலை மாற்றி பேரிங் வைத்தேன், குழியை சிமெண்ட் போட்டு மூடினேன். என் கை இன்னும் நடுங்கவில்லை என்பதை மாப்பிள்ளையிடமும் சொல். முடித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு விரலால் தள்ளினாள், திறந்துகொண்டது. மூடினாள். மறுபடி திறந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் போய் அந்தத் தையல்காரி வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். நான் கேட்டுக்கு உள்ளேயே நின்றேன். கூட வரவா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. திரும்பி வந்ததும், இனி எதற்கு விற்க வேண்டும் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன், அதை உன்னிடம் மறைப்பானேன். அவள் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, “நல்லா இருக்குங்க. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க, போட்டோவுல கேட்டும் வரட்டும். வாங்கறவங்க வீட்டுலயும் ஒரு பொம்பள இருப்பா” என்றாள்.

அன்று சாயங்காலமே விற்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண்ணைத்தான் ஏஜெண்டாக வைத்திருக்கிறோம், தேர்ந்தெடுத்தது நான் அல்ல, அதையும் குறித்துக்கொள். சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டான். படங்களைக் கழற்றிப் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன், உன் கல்யாணப் படம் வேண்டுமா வேண்டாமா சொல், அடுக்குமாடியில் அதற்கு ஆணியடிக்க விட மாட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வீடு பார்க்க வந்தார்கள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானாக எழுந்து எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் நம் வீடு சின்னதாகத்தான் தெரிகிறது. வந்தவன் ஒவ்வொருவனும் கேட்டை ஒரு தட்டுத் தட்டி உள்ளே போனான், ஒருவன் கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது, எல்லா வீட்டுக் கேட்டையும் போல அதுவும் திறக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். பேத்திக்குக் குளிர்காலத்தில் காதை மூடி விடு. மாப்பிள்ளையிடம் கோபமாகப் பேசாதே, மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல், வெளியாளிடம் சொல்லி அனுப்பாதே. குடும்பத்தோடு நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், என் கோபத்துக்கும் என் ஆசிக்கும் சம்பந்தமில்லை. விற்பதற்கு முன் ஒரு தடவை வந்து போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். வந்தால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். பழைய பழக்கத்தில் இடுப்பைக் கொடுத்து நெம்பித் தள்ளாதே. அது இப்போது உன்னைத் தடுக்காது, தலைகுப்புற உள்ளே விழுவாய்.

இப்படிக்கு,
பாதி வீட்டுக்காரனான உன் அப்பா