மகள் பார்க்கும் பக்கம்

என் மனதுக்குரியவருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மகளின் கண் கோளாறுக்குப் பெயர் கிடைத்துவிட்டது! போனில் சொன்னால் என் குரல் உடைந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். ஸமீஹாவின் இடது கண் வெளிப்பக்கம் அசையாததற்கு நாம் பயந்ததுபோல் மூளையில் கட்டி காரணமில்லை. டுவான் நோய்க்குறியாம். அந்தக் கண்ணைத் திருப்பும் நரம்பு பிறவியிலேயே சரியாக அமையவில்லை. இது முற்றாது.

திருகோணமலையில் கண் டொக்டர் நிரோஷினி இதைச் சொன்னபோது நான் உடனே நம்பவில்லை. முன்பு பார்த்த இருவரும் ஆளுக்கொன்று சொன்னார்களே.

"எப்படி நிச்சயமாச் சொல்றீங்க?"

"குழந்தையில எடுத்த படம் போனில இருந்தா காட்டுங்கோ."

உங்களுக்கு அனுப்பாமல் நான் ஒதுக்கிவைத்த படங்களைக் காட்டினேன். தவழும் வயதிலேயே முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள்.

"ஓம், அப்பவே இருந்திருக்கு. புதுசா வந்ததில்லை."

பிறகு ஸமீஹாவை வலப்பக்கம் பார்க்கச் சொன்னார். அந்தக் கண் மூக்கை நோக்கி வரும்போது இமைகளின் இடைவெளி ஒடுங்கியதை நானே கண்டேன். அதுதான் இதன் அடையாளமாம்.

"நான் நாற்பது தாண்டிப் பெத்ததாலயோ?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, அம்மா."

இதை, என் வயதைக் குறைசொன்ன உங்கள் ராத்தாவிடம் தம்பியான நீங்களே சொல்லிவிடுங்கள்.

கிண்ணியாவுக்குத் திரும்பும் பஸ்ஸில் மகள் கேட்டாள்: "உம்மா, இனி குர்ஆன் ஓதுற இடத்தில நாடியப் பிடிச்சு முகத்தத் திருப்ப மாட்டாங்கதானே?"

"மாட்டாங்க. நான் வந்து சொல்றன்."

நீங்களும் வீடியோவில் "நேராப் பாருங்க மகள்" என்று சொல்லாதீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அவள் உங்களை நேராகப் பார்க்கிறாள்.

உங்கள் மகளின் உம்மா