அக்காவின் முகம், கல்லச்சில்

மார்ச் 3, செவ்வாய்

கல்லச்சுப் பட்டறையில் இன்று நான் கல்லில் வரைந்த சித்தப்பாவின் முகம், பன்னிரண்டு பிரதிகள். மூக்கு அவருடையது, முடி என் தாராளம். "இவ்ளோ முடி எனக்கு எப்பம்மா இருந்துச்சு?" என்றவர், இரண்டு பிரதியை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் போனார்.

வரிசைக்கு ஐந்து முகம்: என் கணவர், தோழி, எதிர்வீட்டுத் தையல்காரி, இப்போது சித்தப்பா. மீதி அக்கா.

எப்படிக் கேட்பது? எட்டு மாதம் முன்பு முகவாதம் வந்து அவள் முகத்தின் இடப்பக்கம் தொங்கிப்போனது. அன்றிலிருந்து யார் முன்னாலும் அவள் சாப்பிடுவதோ குடிப்பதோ இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இருபது வருடம் கணக்கு வகுப்பையே கிடுகிடுக்க வைத்தவள். இப்போது நீண்ட விடுப்பு.

மார்ச் 7, சனி

கேட்டுவிட்டேன்.

"ஏன்டி, உனக்கு வேற மூஞ்சியே கெடைக்கலையா?"

அரைமணி கழித்துக் கதவு திறந்தது. "வரேன். ஆனா என் பழைய மூஞ்சியைத்தான் வரையணும்."

சரி என்று தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

மார்ச் 8, ஞாயிறு

பட்டறைக்கு விடுமுறை. சாவி வாங்கிக்கொண்டு நாங்கள் இருவர் மட்டும். அக்கா துப்பட்டாவை விலக்கவே பத்து நிமிடம் ஆனது.

கொழுப்புப் பென்சிலைக் கல்லில் வைத்ததும் என் கை பழைய முகத்தைத் தேடவே இல்லை. மூடாத இடக் கண். இறங்கிய உதடு. வலப்பக்கம் கோபப்பட்டால் இடப்பக்கம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம்தான் — இவ்வளவு இருந்ததா அதில்? மூச்சுவிட மறந்து வரைந்தேன்.

கை கழுவப் போய்த் திரும்பி வந்தால், கல்லருகே நிற்கிறாள். பார்த்துவிட்டாள். துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். பேருந்தில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

மார்ச் 9, திங்கள்

அக்காவின் அறைக்கதவு திறக்கவே இல்லை. நான் செய்தது துரோகமா?

மார்ச் 14, சனி



பிசினும் அமிலமும் பூசிக் காயவைத்த கல்லை, டர்பன்டைன் தொட்டுத் துடைத்தோம். வரைந்தது முழுக்கப் போய்விடும். வெறும் கல். பிறகு தண்ணீர் தடவி, மை உருளையை ஓட்டினால், கொழுப்பு பட்ட இடம் மட்டும் மையைப் பிடிக்கும். ஒன்றுமில்லாததிலிருந்து முகம் எழுந்து வரும்.

கல்லில் அக்கா தெரிந்தாள். கண், நெற்றி, உதடு. உதட்டோரத்தில் — தொங்குகிற அந்தப் பக்கத்தில் — நான் வரையாத ஒன்று. வரிவரியாக ஒரு கட்டைவிரல் ரேகை.

பட்டறைக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாருங்க கல்லுல வெறும் கைய வெச்சது? தோல்ல இருக்கற எண்ணெய் போதுமே, அதுவும் சேர்ந்து அச்சாயிடும்னு எத்தனை வாட்டி சொல்லிருக்கேன்! சுரண்டி எடுத்துடவா?"

என் கட்டைவிரலைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். என்னுடையது இல்லை, அக்காவுடையது. டாக்டர் தொட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். தடவச் சொல்லிக் கொடுத்த களிம்பைப் பிரிக்கக்கூட இல்லை. நான் கை கழுவப் போன அந்த ஐந்து நிமிடத்தில், கல்லில் இருந்த அந்த உதட்டைத் தொட்டிருக்கிறாள்.

அய்யோ அக்கா.

"வேண்டாங்க, இருக்கட்டும்," என்றேன். ஒரே ஒரு பிரதி எடுத்தோம்.

மார்ச் 15, ஞாயிறு

அக்காவிடம் கொடுத்தேன்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்தல நீ."

"ஆமாக்கா, தப்புதான்."

ஜன்னலருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "கல்லுல பார்த்தப்போ யாரோ மாதிரி இருந்துச்சு. இது நான் தினம் கண்ணாடியில பார்க்கறவதான்."

கல்லில் வரைந்தது காகிதத்தில் இடம் வலமாக மாறி விழும் என்றேன். இது தெரிந்த சங்கதிதான் எனக்கு. ஆனால் அச்சில் வருவது, அவரவர் கண்ணாடியில் மட்டுமே அறிந்த முகம் என்பது இன்றுவரை உறைக்கவில்லை.

"இது என்ன கறை?"

"உன் கட்டைவிரல்."

தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கோணலாகச் சிரித்தாள். "பாருடி, கணக்கு டீச்சர் கைநாட்டு வெச்சிருக்கேன்!"

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "நீ வேண்டாம்னா நாளைக்கே கல்லைத் தேய்ச்சு அழிச்சிடறேன்கா."

"சித்தப்பாவுக்கு எத்தனை போட்டே?"

"பன்னெண்டு."

"எனக்கும் பன்னெண்டு போடு."

மார்ச் 21, சனி

பன்னிரண்டும் சுத்தமாக விழுந்தன. ரேகையோடு.

ஏப்ரல் 4, சனி

பிரதிகளைத் தானே வாங்கிக்கொள்ள அக்கா பட்டறைக்கு வந்தாள். காகிதம் வெட்டும் மேஜையருகே போனவள், அங்கேயே நின்றுவிட்டாள். ஒரு பெரிய தாளில் நான்கு துண்டுதான் வரும் என்று பட்டறைக்காரர். ஆறு வரும் என்று இவள். அளவுகோலை அவர் கையிலிருந்து பிடுங்காத குறை.

நடுவில் டீ வந்தது. டீ கொண்டுவந்த பையனையும் சேர்த்து அங்கே நாங்கள் நான்கு பேர். அக்கா பேச்சை நிறுத்தாமல் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டாள். குடித்தாள். இடது ஓரத்தில் கொஞ்சம் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "குறுக்கால திருப்பிப் போட்டுப் பாருங்க, ஆறு வருதா இல்லையா," என்றாள்.

ஆறு வந்தது.

"இன்னொரு டீ சொல்லுங்க," என்றாள் அக்கா.